சுண்டுவின் எடை

ஜனவரி 18

அன்புள்ள தம்பிக்கு,

நான் சுகம். நீயும் உன் வீட்டுக்காரியும் சளி, இருமல் இல்லாமல் இருக்கிறீர்களா?

என் நாய் பெரியவள் குட்டி போட்டுவிட்டாள். ஒன்று, இரண்டு இல்லை, ஒன்பது. ஆறாவதோடு முடிந்தது என்று நினைத்துக் கை கழுவப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் எட்டு. ஒன்பதாவது வந்ததை நான் மட்டுமல்ல, பெற்றவளே கவனிக்கவில்லை. அவள் பின்னங்காலுக்கு அடியில் நனைந்த காலுறை மாதிரி கிடந்தது. துடைத்து எடை போட்டேன். மற்றதெல்லாம் ஐநூறு, ஐநூற்றைம்பது கிராம். இது இருநூற்று எண்பது. தராசு தப்பாக இருக்குமோ என்று நீ கேட்கக்கூடாது. ஊர்க் கடைத் தராசுக்கெல்லாம் முத்திரை குத்துகிறவள் வீட்டுத் தராசு அது.

நீ ஒரு குட்டி கேட்டிருந்தாய். முதலில் பொறுக்குகிற உரிமை உனக்குத்தான். கழுத்து தடித்ததாக, தட்டு வைத்தால் முந்திக்கொண்டு வருவதாக, தூக்கினால் திமிறுவதாகப் பார்த்து எடு. கண் திறந்ததும் வா. ஒன்பதாவதை எண்ணிக்கையில் சேர்க்காதே. மாட்டு டாக்டர் அதைப் பார்த்து உதட்டைப் பிதுக்கிவிட்டார். நான்தான் கேட்காமல் ஊசிக்குழாயில் பால் விட்டுக்கொண்டிருக்கிறேன்.

ஊருக்கெல்லாம் பல் கட்டிக் கொடுக்கிறவன் நீ. உன் பல்லையும் கொஞ்சம் கவனி.

அக்கா

பிப்ரவரி 13

அக்கா,

வந்து போனதிலிருந்து உன் ஞாபகம்தான். இருவரும் நலம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

யோசித்துவிட்டேன். எனக்கு அந்த ஒன்பதாவதுதான் வேண்டும். கத்தாதே, முழுதாகப் படி.

மாடியில் முன்னறை என் பட்டறை, பின்னறை எங்கள் வீடு. கீழே வீட்டுக்கார அம்மாவும் மற்ற குடித்தனக்காரர்களும். நாய் வளர்க்கலாமா என்று கேட்கப் போனபோது எல்லோரும் சூழ வராந்தாவில் தன் மர நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். உட்கார்ந்தபடியே தீர்ப்பு வந்தது: "இந்த நாற்காலிக்கு அடியில பூந்து அந்தப் பக்கம் வர்ற நாய்னா வச்சுக்கோங்க தம்பி. அதுக்கு மேல ஒரு விரல் உசந்தாலும் நாய் போகணும், இல்ல நீங்க போகணும்."

பட்டறையை இடம் மாற்றினால் வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் படியேறிப் பழைய வீட்டுக்கு வந்து நிற்பார்கள், பல் இல்லாமல் வழி கேட்கவும் வராது. ஆகவே சின்ன நாய் வேண்டும். மற்ற எட்டும் கன்றுக்குட்டி ஆகுமென்றால் பாதி எடையில் பிறந்தது பாதிதானே ஆகும்? கணக்கு சரியாக வருகிறது.

கணக்கை விடு. மற்றதுகளைத் தூக்கினேன், திமிறின. இதைத் தூக்கினேன், என் சுண்டுவிரலை வாயில் வைத்துக்கொண்டு தூங்கிவிட்டது. அதோடு என் கதை முடிந்தது. சுண்டு என்று பெயரும் வைத்தாகிவிட்டது.

பெரியவளுக்கு என் அன்பு.

தம்பி

பிப்ரவரி 21

அன்புள்ள மடத்தம்பிக்கு,

சுகம். முழங்கால் இருக்கிற இடத்தில்தான் இருக்கிறது.

உன் கணக்கைப் பார்த்து அலுவலகத்தில் உட்கார்ந்து சிரித்தேன். தட்டச்சுக்காரி என்னவோ ஏதோ என்று தண்ணீர் கொண்டுவந்தாள். அது குள்ள நாய் இல்லையடா, நோஞ்சான் நாய். எடை என்பது வயிற்றில் இடம் கிடைக்காமல் போனதால் வந்தது. உயரம் அம்மா, அப்பாவிடமிருந்து வருவது. அம்மாவை நீ பார்த்திருக்கிறாய். அப்பனைப் பார்க்காதவரை நீ பாக்கியசாலி.

சொன்னால் கேட்கிற ஆள் நீ இல்லை. மற்ற எட்டுக்கும் வீடு அமைந்துவிட்டது. இதற்கு உன்னைத் தவிர யாரும் வாய் திறக்கவில்லை. எடுத்துப் போ. ஆனால் ஒரு நிபந்தனை. ஞாயிறுதோறும் எடை போட்டு எனக்கு எழுத வேண்டும். தொடர்ந்து மூன்று வாரம் ஏறவில்லை என்றால் பேச்சே கிடையாது, நான் வந்து திரும்ப எடுத்துக்கொள்வேன். செத்துக் கித்துப் போனால் உன் முகத்தில் விழிக்க மாட்டேன்.

மாதக் கடைசியில் வா. வரும்போது பழைய துணி கொண்டு வா, வழியெல்லாம் நனைப்பான்.

அக்கா

மார்ச் 12

அக்காவுக்கு,

வணக்கம். நாங்கள் மூவரும் நலம். மூவர் என்று எழுதுவது எனக்கே புதிதாக இருக்கிறது.

பழைய துணி போதவில்லை. என் சட்டையும் போயிற்று.

இவள் கூடையைத் திறந்து பார்த்துவிட்டு, "நாய் எங்க?" என்றாள். துணிக்குள் காட்டினேன். "இதுவா? நான் இதைத் தொடவே மாட்டேன். காலையில இருக்குமோ இருக்காதோ. அப்புறம் அழறது யாரு?" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். வீட்டுக்கார அம்மா முறைப்படி சோதனை செய்தார். நாற்காலிக்கு அடியில் விட்டோம். புகுந்தான், நடுவில் நின்றான், அங்கேயே ஒரு வேலையை முடித்துக்கொண்டு அந்தப் பக்கமாக வந்தான். "அளவு சரி, பழக்கம் சரியில்ல" என்றார்.

சாப்பாடுதான் கொஞ்சம் மந்தம். வீடு புதிது, போகப் போகச் சரியாகும். மற்றபடி உற்சாகமாக இருக்கிறான். வாலாட்டினால் முழு உடம்பும் சேர்ந்து ஆடுகிறது.

பெரியவள் குட்டியைத் தேடினாளா? அதை மட்டும் எழுது.

தம்பி

மார்ச் 19

தம்பிக்கு,

சுகம். இங்கே வெயில் ஆரம்பித்துவிட்டது.

கடிதத்தை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தேன். சட்டை போனது இருக்கிறது, வால் இருக்கிறது, நாற்காலி இருக்கிறது. எடையைக் காணோம். எனக்கே காது குத்துகிறாயா? இருபத்தேழு வருடமாகக் கடைக்காரர்கள் பேச்சை மாற்றுவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். எடைக்கல்லை எடுத்துக் காட்டு என்றால், அம்மா காபி சாப்பிடுறீங்களா என்பார்கள். அதே பேச்சு.

இளைத்திருக்கிறான், அதுதானே? முட்டையை அவித்து மஞ்சள் கருவை மட்டும் பாலில் கரைத்துக் கொடு. ஒரே தடவையாகத் திணிக்காதே. ஒரு நாளைக்கு ஆறு முறை, கொஞ்சம் கொஞ்சமாக. திரும்ப எடுத்துப்போக வருவேன் என்று சொன்னது மிரட்டல்தான். பயந்துகொண்டு மறைக்காதே.

பெரியவள் மூன்று நாள் மூலை மூலையாக மோந்து பார்த்தாள். நாலாம் நாள் என் கட்டிலில் ஏறிப் படுத்துக்கொண்டாள். இப்போது நான்தான் ஒன்பதாவது குட்டி. முகத்தை நக்கி எழுப்புகிறாள்.

அக்கா

மே 24

அன்புள்ள அக்கா,

இரண்டு மாதமாக எழுதவில்லை, மன்னித்துக்கொள். பட்டறையில் மூச்சு விட நேரமில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லையே?

சுண்டு தேறிவிட்டான். நீ சொன்ன முட்டைதான் காரணம். கவலையே வேண்டாம். கவலையே வேண்டாம் என்பதைக் கொஞ்சம் அழுத்தியே எழுதுகிறேன்.

போன வாரம் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவருக்கு மேல் வரிசை முழுக்கக் கட்டி, மெருகு போட்டு, மேசையில் வைத்திருந்தேன். அவர் வந்து நாற்காலியில் உட்கார்ந்து வாயையும் திறந்துவிட்டார். திரும்பிப் பார்த்தால் பல்லைக் காணோம். அந்த நேரத்தில் படிக்கட்டில் ஒரு அலறல். ஓடினேன். வீட்டுக்கார அம்மா நாலாவது படியில் உட்கார்ந்திருந்தார். எதிரே சுண்டு. அவன் வாய் நிறைய மனிதப் பல். அழகாக, வரிசை தப்பாமல், அவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். நான் இத்தனை வருடத்தில் கட்டியதில் அவ்வளவு பொருத்தமாக யாருக்கும் அமைந்ததில்லை.

தலைமையாசிரியருக்கு வேறு செய்து கொடுத்தேன். அவரிடம் காரணம் சொல்லவில்லை.

இவள் இன்னும் நாயைத் தொடுவதில்லை என்றுதான் சொல்லிக்கொள்கிறாள். ஆனால் பால் பாத்திரம் மட்டும் சீக்கிரம் காலியாகிறது.

பெரியவள் எப்படி இருக்கிறாள்? இன்னும் நீதான் குட்டியா?

தம்பி

ஜூன் 3

தம்பிக்கு,

சுகம்.

எடை எழுதவில்லை. எழுது.

இங்கே வேலை அதிகம். சந்தை நாட்களில் கூடுதல் சோதனை போட்டிருக்கிறார்கள். நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். வீட்டுக்கு வர இருட்டிவிடுகிறது.

தின்றதும் நாயை ஓட விடாதே. ஒரு மணி நேரமாவது படுக்க வை. பெரிய ஜாதி நாய்க்கு அது ரொம்ப முக்கியம். சிரித்துக்கொண்டே மறந்துவிடாதே.

அக்கா

ஜூலை 17

அன்புள்ள அக்காவுக்கு,

போன கடிதம் ஏன் அப்படிச் சுருக்கமாக வந்தது? என் மேல் கோபம் என்றுதான் இவள் சொல்கிறாள். கோபப்படக் காரணம் இருக்கிறது. எழுதுகிறேன்.

முப்பத்து நாலு கிலோ.

குளியலறைத் தராசில் அவன் நிற்க மாட்டேன் என்கிறான். நான் தூக்கிக்கொண்டு நின்று, பிறகு நான் மட்டும் நின்று, கழித்துப் பார்த்தேன். தூக்கியதில் எனக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. ஆறு மாதம்தான் ஆகிறது, இன்னும் வளர்வான் என்கிறார் டாக்டர். முதலில் ஏறவில்லை என்று மறைத்தேன். பிறகு ஏறுவது நிற்கவில்லை என்று மறைத்தேன்.

எப்படி நடந்தது என்று விசாரித்ததில் எல்லார் குட்டும் வெளிப்பட்டது. நோஞ்சான் என்று பரிதாபப்பட்டு நீ சொன்ன ஆறு வேளையும் நான் கொடுத்தேன். நான் சரியாகக் கொடுக்கமாட்டேன் என்று இவள் அதே ஆறு வேளை, எனக்குத் தெரியாமல். மாடியில் இருப்பவர்களுக்கு நாய் வளர்க்கத் தெரியாது என்று வீட்டுக்கார அம்மா பின்வாசலில் ரொட்டியும் பாலும். ஒவ்வொருவரிடமும் அவன் அன்று பட்டினி கிடந்தவன் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டிருக்கிறான்.

போன வெள்ளிக்கிழமை விபரீதம் நடந்தது. வீட்டுக்கார அம்மா நாற்காலியில் உட்கார்ந்து மற்ற குடித்தனக்காரர்களோடு பேசிக்கொண்டிருந்தார். சுண்டுவுக்குப் பழைய நினைவு வந்துவிட்டது. நாற்காலிக்கு அடியில் புகுந்தான். புகுந்தவன் நிமிர்ந்தான். நாற்காலி, அதில் வீட்டுக்கார அம்மா, எல்லாம் சேர்ந்து நாலடி நகர்ந்து போய்த் தூணில் இடித்து நின்றது. அடி எதுவும் இல்லை. ஆனால் குடித்தனக்காரர்கள் சிரித்துவிட்டார்கள். அதுதான் வினை. அத்தனை பேர் முன்னால் போட்ட சட்டத்தை அத்தனை பேர் முன்னால்தான் காப்பாற்ற வேண்டும் என்கிறார். ஆகஸ்ட் பத்துக்குள் நாய் போக வேண்டும்.

நீ எடுத்துக்கொள்வாயா அக்கா? உன் வீட்டில் இடம் இருக்கிறது, அவன் அம்மாவும் இருக்கிறாள். வேறு யாரிடமும் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை.

தம்பி

ஜூலை 25

தம்பிக்கு,

சுகம். இடுப்புக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு.

என்னால் முடியாது. இங்கே வசதிப்படாது. நான் பகல் முழுக்க வெளியே. வெயில் வேறு. வேலியும் ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது. வேறு ஏற்பாடு செய்துகொள்.

முப்பத்து நாலு என்பது உண்மையா? குளியலறைத் தராசை நம்பாதே, அதெல்லாம் ஒன்றிரண்டு கிலோ முன்னே பின்னே காட்டும்.

அக்கா

கடிதத்தை ஒட்டியபிறகு பிரித்து எழுதுகிறேன். எட்டாம் தேதி உங்கள் பக்கம் அலுவல் வேலை இருக்கிறது. ஜீப் வரும். ஒரு மாதம், ஒரே ஒரு மாதம் வைத்திருக்கிறேன். அதற்குள் நீ நல்ல வீடாகப் பார்த்துவிட வேண்டும். நான் மாடிக்கு வரமாட்டேன், கீழேயே கொண்டு வந்து ஏற்றிவிடு. அழுது ஊரைக் கூட்டாதே.

செப்டம்பர் 6

அன்புள்ள அக்கா,

நலம் என்று எழுதினால் பொய். ஆனால் இன்று நலம். காரணம் சொல்கிறேன்.

நீ ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போன அன்று இவள் சமைக்கவில்லை. "நான் தொட்டதே இல்ல, எனக்கென்ன" என்று சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். பட்டறையில் நான் ஒரு பாட்டிக்குக் கீழ் வரிசையை மேல் வரிசையாகக் கட்டிவிட்டேன். வீட்டுக்கார அம்மா பத்து நாள் பின்வாசலைத் திறந்து திறந்து மூடினார். பதினோராம் நாள் மேலே வந்து, "இந்த ரொட்டியெல்லாம் யாரு திங்கிறது?" என்று என்னைப் பிடித்துச் சண்டை போட்டார்.

போன வாரம் தச்சரைக் கூப்பிட்டார். சட்டத்தை மாற்றினால் மானம் போகும். ஆகவே நாற்காலியின் காலை உயர்த்திவிட்டார். இப்போது அதற்கு அடியில் சுண்டு மட்டுமல்ல, ஒரு கழுதைகூடத் தாராளமாகப் போகலாம். ஏறி உட்கார முக்காலி போட்டுக்கொள்கிறார். மேலே இருந்துகொண்டு, "சட்டம் சட்டம்தான். உள்ள பூந்து வந்தா இருக்கலாம்" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டார்.

ஆக, வேறு வீடு பார்க்க வேண்டாம். வருகிற பதினேழாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை நாங்கள் இருவரும் வந்து கூட்டிக்கொள்கிறோம். இவள் இப்போதே நாளை எண்ண ஆரம்பித்துவிட்டாள்.

ஒரு விஷயம் அக்கா. பெரியவள் எப்படி இருக்கிறாள் என்று மே மாதமே கேட்டேன், நீ பதிலே எழுதவில்லை. ஜீப்பில் வந்த அன்றும் கேட்டேன், டிரைவரைத் திட்ட ஆரம்பித்துவிட்டாய். மகனை அவள் அடையாளம் கண்டுகொண்டாளா?

தம்பி

செப்டம்பர் 11

அன்புள்ள தம்பிக்கு,

பெரியவள் இல்லை. மே மாதமே போய்விட்டாள்.

காலையில் நன்றாகத் தின்றாள். தோட்டத்தில் ஓடினாள். நான் சந்தைக்கு முத்திரை குத்தப் போய்விட்டேன். மத்தியானம் வந்து பார்த்தபோது வயிறு வீங்கிக் கிடந்தாள். குடல் முறுக்கிக்கொண்டது என்றார் டாக்டர். பெரிய ஜாதிக்கு வருவதாம். என் மடியில் தலையை வைத்துக்கொண்டு என் கையை நக்கினாள், அவ்வளவுதான்.

உன்னிடம் பொய் எழுதவில்லை. எழுதாமல் விட்டேன். ஊரார் தராசில் பத்து கிராம் குறைந்தால் வழக்குப் போடுகிறவள் நான். எனக்கே தெரியும், நான் செய்தது குறை எடைதான். எழுத உட்கார்வேன், அந்த இடம் வந்ததும் கை வராது. எழுதிவிட்டால் நிஜமாகிவிடும் என்று இருந்தது. இன்னொரு நாய் வேண்டவே வேண்டாம் என்றுதான் முடியாது என்று எழுதினேன். வேலி நேராகத்தான் இருக்கிறது.

இவன் வந்த அன்று அவள் படுக்கிற இடத்தை நேராகப் போய் மோந்தான். வெகு நேரம் மோந்தான். பிறகு என் கட்டிலில் ஏறிப் படுத்துக்கொண்டான். நாற்பத்தொரு கிலோ தம்பி, அலுவலகத் தராசில் பார்த்தது. கட்டில் சட்டம் உடைந்தது. தரையில் விரித்தேன், அங்கேயும் வந்து என் காலின்மேல் படுத்துக்கொண்டான். காலையில் கால் மரத்துப் போய் நொண்டிக்கொண்டே அலுவலகம் போகிறேன். தட்டச்சுக்காரி சிரிக்கிறாள். நாலு மாதத்துக்குப் பிறகு சந்தைச் சோதனையைப் பாதியில் முடித்துவிட்டு வெளிச்சத்திலேயே வீடு வருகிறேன்.

அவன் உன் நாய். நீ பொறுக்கிய நாய். யாரும் வேண்டாம் என்றபோது நீதான் கேட்டாய். எனக்கு உரிமை இல்லை.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை வராதே. வந்தால் கொடுத்துவிடுவேன். கொடுத்துவிட்டுக் கதவைச் சாத்தி உள்ளே வந்து என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. இன்னும் கொஞ்ச நாள் கொடு. எத்தனை நாள் என்று கேட்காதே.

அக்கா

செப்டம்பர் 14

அக்கா,

கடிதத்தைப் பட்டறையில் நின்றபடி படித்தேன். பல் அளவுக்காக வாயில் மெழுகோடு உட்கார்ந்திருந்தவர் பத்து நிமிஷம் அப்படியே உட்கார்ந்திருந்தார் பாவம்.

முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. நாலு மாதம் தனியாக வைத்துக்கொண்டு அழுதாயே, நான் செத்தா போய்விட்டேன்? பல்லைத் தூக்கிக்கொண்டு ஓடின கதையை உனக்கு எழுதிக்கொண்டிருந்தேனே, அதை நீ எப்படிப் படித்தாய்? பிறகு கோபம் போய்விட்டது. இவளிடம் கொடுத்தேன். படித்தாள். நான் ஏதாவது சொல்லித் தேற்றலாம் என்று வார்த்தை தேடிக்கொண்டிருந்தேன். அதற்குள் எழுந்து முகம் கழுவிக்கொண்டு வந்துவிட்டாள்.

"நாம ரெண்டு பேர் இருக்கோம். சண்டை போடவாவது ஆள் இருக்கு. அண்ணிக்கு யாரு?" என்றாள்.

வீட்டுக்கார அம்மாவிடம் நான்தான் போய்ச் சொன்னேன். உயர்ந்த நாற்காலியில் இருந்தபடியே முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார். "ரொட்டியை என்ன பண்றது?" என்று கேட்டார். கண் கலங்கியிருந்தது. அங்கிருந்து இறங்கிவரத் தெரியாமல் என் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்.

சுண்டு உன்னோடு இருக்கட்டும் அக்கா. கொஞ்ச நாளைக்கு இல்லை, எப்போதைக்கும். எனக்குச் சம்மதம் என்று சுலபமாக எழுதவில்லை. மூன்று தாள் கிழித்த பிறகு எழுதுகிறேன். அவனுக்குக் காது மடலுக்குப் பின்னால் சொறிந்தால் பிடிக்கும். இடியென்றால் பயம், மேசைக்கு அடியில் தலையை மட்டும் நுழைத்துக்கொண்டு ஒளிந்துவிட்டதாக நினைப்பான். பார்க்காத மாதிரி இரு.

இவள் கேட்கச் சொல்கிறாள்: கட்டில் சட்டத்தைச் சரிசெய்ய ஆள் கிடைத்தாரா? இல்லையென்றால் சுத்தி, ஆணியோடு நான் வருகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை வருவோம். வராதே என்று நீ சொன்னாலும் வருவோம். மூன்று பேருக்குச் சமைத்து வை, வீட்டுக்கார அம்மாவும் வருகிறாராம்.

சங்கிலி எடுத்துவர மாட்டோம்.

உன் தம்பி